பெரிய பாதி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது: “எனக்குத்தான் பெரிய பாதி!” ஒரு அதிரசத்தைப் பிட்டால் போதும், சண்டை வந்துவிடும். பாதியில் ஏது பெரியது, ஏது சின்னது? இரண்டும் ஒன்றுபோல இருந்தால்தானே பாதி? பின்னக் கணக்கில் ஒரு குழந்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நாமோ கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஒப்பிக்கச் சொல்லி ஆரம்பிக்கிறோம். குழந்தையின் கை இன்னும் எதையும் பிட்டுப் பார்க்கவே இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் நான். நான்காம் வகுப்பில் “மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?” என்று கேட்டால், பாதி வகுப்பு நான்கைத்தான் சொல்லும். மூன்றைவிட நான்கு பெரியது என்று அதுவரை நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. அதே பிள்ளைகளிடம் “ஒரு கடலை மிட்டாயை மூன்று பேர் பங்கு போட்டால் உனக்கு நிறையக் கிடைக்குமா, நான்கு பேர் போட்டாலா?” என்று கேளுங்கள். ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லமாட்டார்கள்.

ஒரு வருஷம், அம்மா வீட்டுப் பரணில் கிடந்த படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்ற நான்கு அளவுப் பாத்திரங்களையும் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. இதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. வேப்ப மரத்தடியில் மணலைக் குவித்து, “எத்தனை ஆழாக்கு போட்டால் படி நிறையும்? நீங்களே பாருங்கள்” என்று விட்டுவிட்டேன்.

ஒரு கூட்டம் எட்டு என்றது. இன்னொரு கூட்டம் ஆறரை என்றது. பயங்கரச் சண்டை. கிட்டப் போய்ப் பார்த்தால், ஆறரை என்ற கூட்டத்தில் ஒரு பெண் ஆழாக்கைக் கோபுரமாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், அவன் வீட்டில் நெல் அளப்பார்கள், எழுந்து வந்து சொன்னான்: “டீச்சர், தலை தட்டி அளக்கணும். இல்லைன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா இருக்கும்.” உள்ளங்கையை விளிம்பில் வைத்து வழித்துக் காட்டினான். எட்டு வந்தது! மறுபடி அளந்தார்கள், மறுபடியும் எட்டு. “சம பாகம்” என்று பாடப் புத்தகம் சொல்வதற்கு அந்தப் பையன் சொன்ன பெயர் “தலை தட்டி”. அந்த வருஷம் முழுக்க, யாராவது தாளைக் கோணலாக மடித்தால், “டேய், தலை தட்டலடா” என்று பிள்ளைகளே திருத்திக்கொண்டார்கள்.

இன்னொன்று. நம் சொற்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். அரைக்கால் என்றால்? அரையும் காலும் சேர்ந்தது என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். இல்லை, காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. ஆழாக்கைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும், அதுதானே அரைக்கால் படி! அதிலும் பாதி வீசம், பதினாறில் ஒன்று. 1957-இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. நாலணா கால் ரூபாய், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். கடைக்குப் போய்வந்த பிள்ளைக்கெல்லாம் பின்னம் தெரிந்திருந்தது.

வீசத்துக்கு மாகாணி என்றும் ஒரு பெயர் உண்டு. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதோடு எண்பதில் ஒன்று சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. ஒரு கூட்டல் கணக்கையே பெயராக வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைச் சொல்லி அலுக்கவே அலுக்காது.

சொல்லும் முறையையும் கவனியுங்கள். “நான்கில் ஒன்று” என்னும்போது எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில் வருகிறது, எத்தனை எடுத்தோம் என்பது பிறகு. கையும் அப்படித்தான் செய்கிறது: முதலில் பிரிக்கும், பிறகு எடுக்கும். “ஒன் பை ஃபோர்” என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இந்த வரிசை காதில் விழுவதில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையானாலும், வீட்டில் ஒரு தோசையைப் பிட்டுத் தரும்போது “நான்கில் ஒன்று” என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான். கூட்டலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். உரியும் உழக்கும் சேர்ந்தால் எவ்வளவு? அளவு வேறு வேறாக இருப்பதால் அப்படியே கூட்ட முடியாது. இரண்டையும் ஆழாக்கால் அளந்தால் நான்கும் இரண்டும் ஆறு. எட்டில் ஆறு, முக்கால் படி. பகுதியைச் சமமாக்குவது என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

மூன்றில் ஒன்றுக்குப் படி உதவாது, அது பாதி பாதியாகவே போகும். அதற்கு ஒரு நூலை எடுத்து, மூன்று இழையும் ஒரே நீளமாக வரும்வரை பிள்ளையையே மடிக்க விடுங்கள். முதல் தடவை வராது. நீங்கள் வாங்கி மடித்துக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களே மடிக்கட்டும். ஆறில் ஒன்றைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. அந்த மூன்று இழையை இன்னொரு முறை பாதியாக மடிக்கச் சொல்லி, எண்ணச் சொல்லுங்கள். வணக்கம்.