கால் நனைக்க முடியாத ஏரிக்கரை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் யூனியன் ஏரியின் வடகரை, கேஸ் ஒர்க்ஸ் பார்க். பட்டம் விடும் குன்றின் உச்சியில் நிற்கிறேன். எதிர்க்கரையில் நகரத்துக் கட்டடங்கள். அதோ, தண்ணீரில் ஒரு குட்டி விமானம் இறங்குகிறது.

காலையில் வந்ததும் என் மகள் ஷூவைக் கழற்றிவிட்டு ஏரியைப் பார்த்து ஓடினாள். பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே நீந்தவும் கூடாது, காலை நனைக்கவும் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். "தண்ணி நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றாள். வம்பு தண்ணீருக்கு அடியில், சேற்றில். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

கேமராவைத் திருப்புகிறேன். வேலிக்குள் துருப்பிடித்து நிற்கிறதே அந்தக் கோபுரங்கள், அது பழைய எரிவாயு ஆலை. 1906 முதல் 1956 வரை ஓடியது. காற்றுப் படாமல் நிலக்கரியைச் சூடாக்கினால் வாயு வரும். அதைக் குழாய் வழியே ஊருக்கு அனுப்பினார்கள். பிற்பாடு நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. ஆனால் உலையிலிருந்து வருவதை அப்படியே அனுப்ப முடியாது. குளிரவைக்க வேண்டும், கழுவ வேண்டும். அப்போது பிரிந்து வருபவைதான் தார், பென்சீன், நாப்தலீன். நாப்தலீன் வேறொன்றுமில்லை, பீரோவில் துணிக்கு நடுவே போடுவோமே, அந்தப் பாச்சை உருண்டை. ஐம்பது வருடம் ஒழுகியதும் சிந்தியதும் இந்த மண்ணிலும் ஏரியிலும் இறங்கின. 1956-ல் இயற்கை எரிவாயு ஊருக்குள் வந்ததும் ஆலையை மூடிவிட்டார்கள்.

1962-ல் நகராட்சி இடத்தை வாங்கியது. இதைப் பூங்காவாக்க வேண்டும் என்று முன்னால் நின்றவர் மர்ட்டில் எட்வர்ட்ஸ் என்ற நகரமன்ற உறுப்பினர். அவர் 1969-ல் கார் விபத்தில் இறந்துபோக, பூங்காவுக்கு அவர் பெயரையே வைக்க நினைத்தார்கள். அப்புறம் ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் வந்தார். எல்லோரும் ஆலையை இடிக்கச் சொன்னபோது, முக்கியமான பகுதி அப்படியே நிற்கட்டும் என்றார். கொதிகலன் கூடம் இப்போது குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இடம். வாயுவை உந்திய இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடித்துப் பிள்ளைகள் விளையாட விட்டிருக்கிறார்கள். இந்தத் துருவுக்கா எங்கள் வீட்டு அம்மாவின் பெயர் என்று எட்வர்ட்ஸ் குடும்பம் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கோபுரங்கள் பிடித்திருக்கிறது, அது வேறு விஷயம்.

மண்ணுக்கு வருவோம். வழக்கமாக என்ன செய்வார்கள்? தோண்டி லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்புறம் அது அந்த ஊர்க்காரர்கள் தலைவலி. ஹாக் செய்தது கிட்டத்தட்ட நம் சம்சாரி செய்கிற வேலை: எருவடித்து உழுதார். சாக்கடைக் கசடும் மரத்தூளும்தான் எரு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குத் தீனியும் காற்றும் வேண்டும். உழுதால் காற்று உள்ளே போகும். புல் முளைத்தது. இடித்த கட்டடங்களின் கல்லையும் கான்கிரீட்டையும் ஒரே இடத்தில் குவித்து மேலே மண் போட்டார்கள். அந்தக் குவியல்தான் நான் நிற்கும் இந்தக் குன்று. 1975-ல் பூங்கா திறந்தது.

சரி, இந்த இடத்தில் 'சுபம்' போட்டு முடித்துவிடலாம். நிறைய வீடியோவில் அப்படித்தான் முடிக்கிறார்கள், எனக்கு அதில்தான் கடுப்பு. 1984-ல் மண்ணைச் சோதித்துப் பார்த்து, சில மாதம் இதே பூங்காவை மூட வேண்டி வந்தது. நுண்ணுயிர்கள் சின்ன மூலக்கூறுகளைச் சுலபமாகத் தின்றுவிடும். தாரில் வளையம் வளையமாகக் கோத்த பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை லேசில் மசியாது. புற்றுநோய் உண்டாக்குபவை அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். அதனால் மோசமான இடங்களில் நல்ல மண்ணைக் கொட்டி மூடினார்கள். பிறகு பென்சீனை விரட்ட நிலத்துக்குள் காற்றைச் செலுத்தினார்கள். அப்படியும் சில இடங்களில் தார் மேலே கசிந்து வந்ததுண்டு. ஏரிச் சேற்றின் கணக்கு இன்னும் தீரவில்லை. நகராட்சியும் பியூஜெட் சவுண்ட் எனர்ஜி நிறுவனமும் மாநிலச் சூழல் துறையின் கண்காணிப்பில் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சர்க்கரை வியாதிக்காரரிடம் டாக்டர் 'குணமாகிவிட்டது' என்பாரா? 'கன்ட்ரோலில் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்க' என்பார். இந்த மண்ணும் அப்படித்தான். அதனால் வரக்கூடாது என்று சொல்லவில்லை, நான்கு வருடமாக நாங்களே வந்துகொண்டிருக்கிறோம். போர்டைப் படியுங்கள், சாப்பிடுமுன் பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுங்கள், அவ்வளவுதான்.

இதோ, உச்சியில் ஒரு சூரியக் கடிகாரம். இதற்கு முள் கிடையாது, நாம்தான் முள். நடுவில் நின்றால் நம் நிழல் மணி காட்டும். மகளை நிறுத்திப் பார்த்தேன், பதினொன்றை ஒட்டிக் காட்டுகிறது. நிழலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் பெரிசானா தண்ணில இறங்கலாமாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டத்து நூல் வேறு சிக்கிக்கொண்டது, அதை எடுக்கப் போகிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.