பைண்டு செய்த பழைய காமிக்ஸைப் பிரிக்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மன்னார்குடியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "என் சித்தப்பா சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் பத்துப் பதினைந்து இதழ்களாகச் சேர்த்து, காலிகோ போட்டு பைண்டு செய்யப்பட்டிருக்கின்றன. வாங்க வந்த ஒருவர், பிரித்துத் தனித்தனி இதழாகக் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாகச் சொல்கிறார். பிரிக்கலாமா? அதோடு மையால் வரைந்த படம் ஒன்றும் இருக்கிறது. பத்திரிகைக்காக வரைந்த அசல் ஓவியம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை எப்படி உறுதி செய்வது?" கேள்வி இவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு என் பதில், பிரிக்க வேண்டாம் என்பதே. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பைண்டு செய்த இதழை மதிப்புக் குறைந்ததாகவே கருதுவார்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் சிஜிசி என்ற நிறுவனம் ஒவ்வொரு இதழையும் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று தரம் குறித்து, பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துக் கொடுக்கிறது. அந்த அளவுகோலில் தையல் துளையும் ஓர வெட்டும் பெரிய குறைகள்தாம். ஆனால் நம் ஊரில் காமிக்ஸ் புழங்கிய விதமே வேறு. தொடர்கதைகளை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யும் பழக்கம் காவிரிக் கரையில் வீட்டுக்கு வீடு இருந்தது, அதே கை காமிக்ஸுக்கும் பைண்டு போட்டது. பைண்டு செய்யாமல் விடப்பட்ட இதழ்களோ பெரும்பாலும் பழைய பேப்பர்காரரின் தராசுக்கோ கடலைப் பொட்டலத்துக்கோ போய்ச் சேர்ந்தன. ஆகவே, இன்று மிஞ்சியிருக்கும் பழைய இதழ்களில் பலவற்றைக் காப்பாற்றிக் கொடுத்ததே இந்த பைண்டுதான்.

இப்போது என் கையில் உள்ள ஒரு தொகுதியைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். முதுகுப் பக்கம் காலிகோத் துணி, மேலும் கீழும் கனமான அட்டை. இதழ்களின் கம்பிப் பின்னை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து அரை விரலளவு உள்ளே தள்ளிக் குத்தூசியால் துளை போட்டு, நூலை இழுத்து முடிந்திருக்கிறார்கள். அதன் மேல் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. பிறகு மூன்று பக்கமும் வெட்டுப் பொறியில் கொடுத்து ஓரத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். அந்த வெட்டில் சில பக்கங்களின் மேல்வரிச் சொற்கள் பாதி போய்விட்டன. இதைப் பிரித்தால் வெட்டிய ஓரம் திரும்பி வரப்போவதில்லை, துளைகளும் அடைபடப்போவதில்லை. பசை பிடித்த முதல் இதழின் அட்டையும் கடைசி இதழின் பின்னட்டையும் துணியோடு சேர்ந்து உரிந்து வரும். நடுவில் உள்ள மடிப்பில் பழுப்பு நிறத் தூள் உதிர்ந்து கிடப்பது தெரிகிறதா? மரக்கூழால் ஆன செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் தங்கியிருப்பதால், காற்றும் வெளிச்சமும் பட்டு அது பழுத்து, அமிலம் ஏறி, கடைசியில் அப்பளமாக நொறுங்குகிறது. இந்தத் தூள் விழும் நிலைக்கு வந்த காகிதத்தைப் பிரிக்கத் தொடங்கினால் பாதி இதழ் கையோடு வந்துவிடும்.

வாங்க வந்தவர் ஏன் உங்களைப் பிரிக்கச் சொல்கிறார் என்பதையும் சற்று யோசியுங்கள். அவருக்கு நல்ல இதழ்கள் நான்கைந்து மட்டும் தேவையாக இருக்கலாம். பிரிக்கும்போது கிழிந்தால் நட்டம் உங்களுடையது, கிழியாமல் வந்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. உண்மையில் விருப்பம் உள்ளவர், தொகுதியை அப்படியே வாங்கிப் போய்ப் பிரிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்கட்டும்.

விதிவிலக்கு என்று சொன்னேன் அல்லவா? பசையும் இல்லாமல், ஓரமும் வெட்டாமல், இதழ்களின் சொந்தப் பின்னையும் எடுக்காமல், வெறுமனே நூலால் சேர்த்துக் கட்டியிருந்தால், முடிச்சை அறுத்து நூலை மெல்ல உருவலாம். அதில் சேதம் குறைவு. கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் அதை நகத்தால் நெம்பக் கூடாது. மெல்லிய தகடு ஒன்றைக் காகிதத்துக்கும் பின்னுக்கும் இடையே கொடுத்து, கால்களை நிமிர்த்திய பிறகே எடுக்க வேண்டும்.

எந்த இதழ் அரிது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியிலிருந்து தொடங்கியது. லயனும் ராணியும் 1984இல் வந்தவை. ராணி காமிக்ஸ் 2005 வரை ஓடியதால் அதன் பிற்கால இதழ்கள் இன்னும் கிடைக்கின்றன, அவற்றுக்காக பைண்டைக் கெடுத்துக்கொள்வது வீண். எழுபதுகளின் முத்து இதழ்கள்தாம் கண்ணில் படுவது அரிது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பாகியுள்ளன, பின்னாளில் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரிலும் வந்தன. கதைத் தலைப்பை மட்டும் பார்த்து முதல் பதிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெளியீட்டு எண், அட்டையில் அச்சிட்ட விலை, உள்ளே வரும் விளம்பரங்கள், அடுத்த வெளியீடு பற்றிய அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடகை நூல் நிலைய முத்திரையோ பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்தோ இருந்தால் அதை அழிக்க முற்படாதீர்கள். வியாபாரி அதற்கு விலையைக் குறைப்பார், குறைக்கட்டும். அந்த இதழ் எந்த ஊரில் யார் கையில் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று ஏது?

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் டெல்டாவில் வசிப்பவரிடம் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து வீடுகளில் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். டிரங்குப் பெட்டியைத் தரையிலும் வைக்காமல், ஓட்டுக்கு நேர் கீழே பரணிலும் போடாமல், சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரையை இழந்த வீடுகளில் பரணில் இருந்தவைதாம் முதலில் நனைந்தன. நனைந்த புத்தகத்தை வெயிலில் விரிக்காதீர்கள், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மைதாப் பசைக்கு இராமபாணப் பூச்சி ஓடி வரும் என்பதால், பைண்டு செய்த தொகுதியை மாதம் ஒருமுறையாவது திறந்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வசம்பை மெல்லிய துணியில் முடிந்து அருகில் வைப்பதில் தவறில்லை, ஆனால் துண்டு நேரடியாகக் காகிதத்தில் படக் கூடாது. லேமினேஷனும் செல்லோடேப்பும் அறவே வேண்டாம். பல பேர் பாசத்தினால் செய்யும் கொலை அது.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். மாயாவி கதைகள் 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியவை, படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. எனவே அவற்றின் அசல் பக்கம் என்று நம் ஊரில் யாராவது காட்டினால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதே சமயம், நம் வாரப் பத்திரிகைகளுக்கு வரைந்த படம் தஞ்சை மாவட்டத்து வீட்டில் இருப்பது நடக்க முடியாத ஒன்றல்ல. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு போன்றவர்களுக்கு இந்த மண்ணில் உறவும் நட்பும் இருந்தன. இதை வைத்து உங்கள் படம் அவருடையதுதான் என்று நான் சொல்ல வரவில்லை.

படத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். அசலில் பெரிய கறுப்புப் பரப்பு ஒரே சீராக இருக்காது. தூரிகை இழுத்த திசையும், மை இரண்டாவது முறை ஏறிய இடமும் தெரியும். தவறிய கோட்டை மறைக்க வெள்ளை வண்ணம் பூசியிருந்தால் விரல் நுனிக்கே மேடு தட்டும், ஆனால் தொடாமல் பார்ப்பதே நல்லது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சாம்பல் நிறம் சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சுப் பிரதி. அசல் ஓவியம் பொதுவாக அச்சில் வந்ததைவிடப் பெரியதாக இருக்கும், ஏனெனில் பிளாக், அதாவது அச்சுக்கான தகடு, எடுக்கும்போது சுருக்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பின்புறம்தான் முக்கியம். எத்தனை பத்தி அகலம், எந்தத் தேதி இதழ் என்று பென்சிலால் எழுதிய குறிப்பு இருந்தால், அந்தத் தேதியின் பத்திரிகையைத் தேடி ஒப்பிட்டுவிடலாம். மடிப்போ கறையோ இருந்தால் இஸ்திரி போட்டு நிமிர்த்த நினைக்காதீர்கள். பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1936இல் தம் டின்டின் காமிக்ஸின் 'நீலத் தாமரை' அட்டைக்காக வரைந்த படம் 2021இல் பாரிஸ் ஏலத்தில் 30 லட்சம் யூரோவுக்கு மேல் போனபோது, பழைய மடிப்புத் தடங்கள் அதில் அப்படியே தெரிந்தன. அந்தத் தொகையை உங்கள் படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டாம், மடிப்பை மட்டும் பாருங்கள்.

விற்பதானால் ஒரு சட்ட விவரமும் உண்டு. அசல் படம் உங்களிடம் இருப்பதனால் அதை அச்சிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், பதிப்புரிமை முதலில் தமக்கே உரியதாக இருந்த ஓவியர் அல்லது அவருடைய வாரிசுகள் அதில் ஒரு பங்கு கோரலாம். மாதச் சம்பளத்தில் இருந்து வரைந்தாரா, படத்துக்கு இவ்வளவு என்று பெற்று வரைந்தாரா என்பதைப் பொறுத்து இந்த உரிமை மாறும். எனவே விலை பேசுவதற்கு முன் படத்தின் முன்புறம், பின்புறம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையொப்பம் உள்ள மூலையைத் தனியாக ஒரு படம் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.