பக்கத்து ஊருக்குப் போனவரைத் தேடி

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், கோலார் தங்கவயலின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆங்கிலேய மூதாட்டிக்கு வழிகாட்டிக்கொண்டு நின்றேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து வந்திருந்தார். அவருடைய பாட்டனார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். மூதாட்டியின் கையில் தடிமனான ஒரு கோப்பு இருந்தது. பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற தேதி, திருமணம் நடந்த தேவாலயம், இங்கே பிறந்து காய்ச்சலில் இறந்துபோன ஒரு குழந்தையின் அடக்கப் பதிவு என்று எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. முட்செடியை விலக்கி, ஈரத்துணியால் கல்லைத் துடைத்தபோது குழந்தையின் பெயர் தெரிந்தது. அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் பாட்டனாரும் இங்கே வேலை செய்ததாகச் சொன்னீர்களே, அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்று கேட்டார்.

தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவுமண் குன்றை எங்கள் ஊரில் சயனைடு மேடு என்போம். அது இருக்கும் திசையில் கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவருக்குத் தன் மூதாதையரைப் பற்றித் தெரிந்திருந்தது. அதே மண்ணில் நான்கு தலைமுறையாக இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் என்னைத் தேட வைத்தது. ஆகவே இன்றைய உரையை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியரின் அலைச்சல் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கக் காய்ச்சல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதையும் பிடித்து ஆட்டிய காய்ச்சல். 1849-இல் கலிபோர்னியாவுக்குக் கூட்டம் ஓடியது. 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, 1861-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ. நம் பக்கத்தில் அது சற்றுத் தாமதமாகத்தான் தொற்றியது. தொற்றிய விதம் வேடிக்கையானது. நியூசிலாந்தில் மாவோரிப் போரில் பணியாற்றிய மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய், ஓய்வு பெற்றுப் பெங்களூருக்கு வந்தார். கோலார்ப் பகுதியில் கிராமத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பற்றி ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802-லேயே ஆராய்ந்து எழுதி வைத்திருந்தார். எழுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டார் லவேல். அதே பத்தாண்டின் முடிவில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கமும் தங்கம் தேடும் வெறி கிளம்பியது. விக்டோரியாவிலிருந்து பிரோ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். லண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன, அதே வேகத்தில் அழுகின. கோலாரும் அப்படித்தான் முடிந்திருக்கும். அங்கே சுரங்கம் நடத்திய லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் கையிருப்பு கரைந்த பின்னும் விடாமல் தோண்டியதில், 1880-களின் நடுவில் நல்ல தங்கப் படிவம் அகப்பட்டது. கார்ன்வாலில் செம்பு விலை விழுந்து வேலையில்லாமல் தவித்த சுரங்கக்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். பாறையை உடைத்துச் சுமக்க ஆள் வேண்டுமே, அதற்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் ரயிலேறினார்கள்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை வட ஆற்காட்டுக் கிழவிகள் நெடுநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலம் இல்லாத சேரி மக்களுக்குப் பஞ்சம் முடிந்த பிறகும் பஞ்சம்தான். ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. குடியாத்தத்தில் ஏறினால் பவுரிங்பேட்டையில் இறங்கலாம். இன்றைய பங்காரப்பேட்டைதான் அது. 1894-இல் அங்கிருந்து சுரங்கத்துக்கே கிளைப்பாதை போட்டுவிட்டார்கள். மேஸ்திரி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவார். கம்பெனியின் கணக்கில் மேஸ்திரியின் பெயர் இருக்கும். அந்தப் பத்துப் பேர் வெறும் தலைகள்.

என் தேடல் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. ஆவணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். மூன்றாம் முறை போனபோது அங்கிருந்த ஊழியர், "ஐயா, எருமை எத்தனை என்று எழுதி வைப்பார்கள், அதற்குப் பெயரா எழுதுவார்கள்?" என்றார். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

வெள்ளைக்காரருக்கு அப்படி இல்லை. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் ஒழுங்காக லண்டனுக்குப் போயின. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அம்மையாரின் கோப்பு அப்படித்தான் தடித்தது. சரி, அவர்கள் ஆண்ட சாதி என்று விட்டுவிடலாம். எனக்கு உண்மையில் அதிர்ச்சி தந்தது வேறொன்று.

நேட்டால். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தக் காலனிக்கு 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள், அவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் அடையாளம். பெண்களுக்கும் தனி எண் உண்டு. அன்போடு எழுதியது அல்ல அது. ஓடிப்போனால் பிடித்து இழுத்து வருவதற்காக எழுதியது. இருந்தாலும் எழுதினார்கள். கடல் கடந்து அடிமைபோல் போனவருக்குப் பெயர் இருக்கிறது. இருநூறு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவுக்கு ரயிலில் போனவருக்கு ஒன்றும் இல்லை. தூரம் போனவரைக் கண்டுபிடித்துவிடலாம், பக்கத்தில் போனவரைத்தான் தொலைத்துவிட்டோம்.

இதை நான் தெரிந்துகொண்டது டர்பனிலிருந்து வந்த ஒரு கடிதத்தால். எழுதியவர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். தன் கொள்ளுத்தாத்தா 1890-களில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர் என்றும், அவருடைய தம்பி "தங்கம் வெட்டும் ஊருக்கு"ப் போனதாக வீட்டில் பேச்சு உண்டு என்றும் எழுதியிருந்தார். என்னைப் போலத் தங்கவயலில் பழைய கதை கேட்டு அலைகிறவர்கள் யார் என்று விசாரித்து, கைமாறிக் கைமாறி அந்தக் கடிதம் என்னிடம் வந்தது. பதிவேட்டின் நகலையும் இணைத்திருந்தார். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம், வயது 22. அடையாளம் என்ற கட்டத்தில், இடது புருவத்தில் தழும்பு.

எங்கள் அத்தைக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. கடிதத்தை நான் படித்துக் காட்டும்போது ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவள், தழும்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க தாத்தா சொல்வாரே! கிட்டிப்புள் விளையாடும்போது அண்ணன் புருவத்தைப் பேத்துட்டேன், அதே முகத்தோடதான் கப்பலேறிப் போனான்னு" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ஆசிரியர் புத்தி விடவில்லை. புருவத்தில் தழும்பு யாருக்கு இல்லை? தகப்பன் பெயர் கட்டத்தைப் பார்த்தேன். என் தாத்தாவின் பெயர் அப்படியே அங்கே இருந்தது.

இதை வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு விளக்கினால் அரைமணி நேரம் ஆகும், உங்களுக்கு ஒரு வார்த்தை போதும். பேரன் என்பது பெயரன். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். என் தாத்தாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த ஊகத்தை டர்பன் பதிவேடு மெய்யாக்கியது. என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயரை, தங்கவயலில் எந்தக் காகிதத்திலும் கிடைக்காத பெயரை, ஆப்பிரிக்காவில் இருந்து எடுத்தேன்.

நம் பெயர் வழக்கம் ஒரு பக்கம் உதவுகிறது, ஒரு பக்கம் கெடுக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை தலைப்பெழுத்து மாறிவிடுவதால் மூன்றாவது தலைமுறையில் நூல் அறுந்துபோகும். தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்து நிற்பதைப் பார்க்கலாம். முனுசாமி அங்கே மூன்சாமி ஆகியிருப்பார். எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதியதுதான் எழுத்து. ஆகவே வெளிநாட்டுப் பதிவேட்டில் தேடுகிறவர்கள் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். கிராமத்தின் பெயரை நான் பத்து முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். குடியாத்தம் தாலுகாவில் மூன்று ஊர்கள் அதற்குப் பொருந்தின.

மூன்றில் எது? இதைத் தீர்த்து வைத்தது குலதெய்வம். சொந்த ஊர் எது என்று கேட்டால் தங்கவயல் கிழவர்கள் பலரும் தயங்குவார்கள். பாதிப் பேர் "ஆற்காட்டுப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். குழந்தைக்கு முதல் மொட்டை எங்கே அடித்தீர்கள், யாருக்குக் கிடா வெட்டினீர்கள் என்று கேட்டால் பதில் தானாக வரும். எங்கள் வீட்டில், ஏரிக்கரையில் இரட்டைப் பனைக்கு நடுவே நிற்கும் முனீஸ்வரன் என்று ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சியிருந்தது. என் தகப்பனார் காலத்திலேயே அந்தக் கோயிலுக்குப் போய்வருவது நின்றுவிட்டது. மூன்று ஊருக்கும் பஸ்ஸில் போனேன். இரண்டாவது ஊரில் ஏரி இருந்தது, பனை ஒன்றுதான் இருந்தது. பூசாரி, "இன்னொன்று இடி விழுந்து போச்சு" என்றார். கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகளின் பெயர்களை அவர் ஒப்பித்தபோது, எங்கள் வீட்டில் மாறி மாறி வரும் பெயர்களே வந்தன.

நிலம் இருந்த குடும்பங்களுக்கு வேலை இன்னும் எளிது. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளிலும் பட்டாவிலும் முன்னோர் பெயர் அகப்படும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஏடுகளைக் கேளுங்கள்.

தங்கவயலுக்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதிக்கு எதிராகப் பௌத்தத்தைக் கையிலெடுத்த அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் ஒரு பகுதியான மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழைச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆதரித்தார்கள். அவர் மறைந்த பின்னர், 1920-களில் அந்த இதழ் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. கம்பெனிக்குத் தலைகளாகத் தெரிந்தவர்கள் அங்கே பெயரோடு பேசினார்கள். உங்கள் முன்னோர் சங்கத்தில் இருந்தவர் என்றால், கணக்கேட்டைவிட அந்த இதழ்களில் தேடுவதே மேல்.

கம்பெனியும் கடைசியில் ஒரு பதிவேடு போடப் பார்த்தது. தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் எடுத்து வைக்க முயன்றது. தங்கத் திருட்டு பற்றிய பயம் அவர்களை என்றைக்கும் விட்டதில்லை. அதை எதிர்த்து 1930-இல் தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. என் தாத்தா அதில் இருந்தார். திருடனுக்கு எடுக்கும் ரேகையை எனக்கு எடுப்பதா என்று கடைசிவரை சொல்லிச் சொல்லிக் கொதிப்பாராம். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பேரனாகிய நான் அந்தக் கைரேகைத் தாள் எங்காவது கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். அவர் கேட்டால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பூட்டுப் போட்ட வீடுகளோடு எத்தனையோ தகரப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. எங்கள் வீட்டுப் பெட்டியை அத்தை கொடுக்கவில்லை. அதில் துணிக்கடியில் ஒரு பித்தளைப் பில்லை இருந்தது. சுரங்கத்தில் இறங்கும்போது கொண்டுபோவது. நடுவில் ஓட்டை, அதற்குக் கீழே நான்கு இலக்க எண், கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாதபடி தேய்ந்திருக்கிறது. டர்பன் பெண்மணி தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை எனக்கு அனுப்பினார். நான் பில்லையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அது என் கொள்ளுத்தாத்தாவுடையதா, தாத்தாவுடையதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.

தங்கவயலில் இருந்த குடும்பங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பில்லை, சம்பளச் சீட்டு, படத்தின் பின்பக்கம் எழுதிய எண் எதுவானாலும் சரி, எந்தச் சுரங்கம், யாருடையது, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று ஒரு தபால் அட்டையில் எழுதி இந்த வானொலி நிலையத்தின் முகவரிக்கு அனுப்புங்கள், என்னிடம் சேர்த்துவிடுவார்கள். பொருளை அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

வணக்கம்.