ஏற்காட்டுக் காப்பியும் ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டமும்

வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தை வானத்திலிருந்து பார்த்தால் காப்பிச் செடி கண்ணில் படாது. சில்வர் ஓக்கும் பலாவும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும்தான் தெரியும். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் போடும் கணினி அதைக் காடு என்றே குறித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் போட்ட காடழிப்புத் தடைச் சட்டம் மலையேறி ஏற்காட்டுக் கிராமங்களான நாகலூருக்கும் மஞ்சக்குட்டைக்கும் வரும்போது முதல் சிக்கல் இங்கேதான்.

மாடு, கோக்கோ, காப்பி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் என 7 பொருட்களை இந்தச் சட்டம் பிடிக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தது என்றால் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் இடமில்லை. சட்டம் வந்தது 2023-இல். அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று நிற்கிறது. இரண்டு முறை தள்ளியவர்கள் மூன்றாவது முறையும் தள்ள மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அதை நம்பி இருக்க முடியாது. 2026 நவம்பரில் பறிக்கத் தொடங்கும் பழம் காய்ந்து, தோல் நீங்கி, கப்பலேறி அங்கே போய்ச் சேரும்போது கெடு முடிந்திருக்கும்.

நிழல் மரத்துக்கு வருவோம். அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரம், நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரக்கிளைகளின் மூட்டம் இருந்தால் காடு என்கிறது சட்டம். ஆனால் மர நிழலில் பயிர் செய்யும் நிலம் வேளாண் நிலம்தான் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பயந்துபோய் மரத்தை வெட்ட வேண்டாம். 2020-க்கு முன்பே அங்கே காப்பி இருந்தது என்று காட்டும் காகிதம் கைகொடுக்கும்: காப்பி வாரியப் பதிவு, பழைய விற்பனை ரசீது, அடங்கல் எனும் கிராமப் பயிர்க் கணக்கின் நகல். அமேசான் காட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம் இது. நம் மலைத் தோட்டம் எவ்வளவு பசுமையாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகத்துக்கு ஆளாவது கொஞ்சம் அநியாயம்தான்.

அடுத்தது இடக்குறியீடு, அதாவது தோட்டம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையில் காட்டுவது. தோட்டம் 4 ஹெக்டேருக்குள், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் சுற்றி வரைய வேண்டும். புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் தசமத்துக்குப் பின் 6 இலக்கம் வேண்டும். ஆறாவது இலக்கம் சுமார் 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். சில்வர் ஓக் அடியில் நிற்கும் கைபேசியோ சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆனாலும் படிவம் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். நாலு இலக்கம் எடுத்துவிட்டுப் பின்னால் இரண்டு பூஜ்யம் ஒட்டுவது மட்டும் கூடாது. காப்பி உலர்த்தும் களத்திலோ பாறை மீதோ, வானம் திறந்த இடத்தில் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று எடுங்கள். அந்த இடம் உங்கள் பட்டா எல்லைக்குள் இருக்க வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது? 11 பாகை 46 நிமிடம் 30 விநாடி என்பதை 11.4630 என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். சரியான எண் 11.775000. தீர்க்கரேகையிலும் இதே தவறு நடந்தால் உங்கள் தோட்டம் ராசிபுரத்துப் பக்கம் சமவெளியில் போய் விழும். இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதினால் இன்னும் மோசம். 78-ஆம் வட பாகை, 11-ஆம் கிழக்குப் பாகை என்றால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவை ஒட்டிய பனிக்கடல்! அங்கே யார் காப்பி பறிப்பது? எல்லை வரையும்போது தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். கோடு கோட்டை வெட்டக் கூடாது.

மூன்றாவது, கலப்பு. இதுதான் உண்மையில் கடினம். சிறு விவசாயிகள் 20 பேரிடம் பழம் வாங்கி வியாபாரி ஒரே பல்பரில், அதாவது பழத்தோல் நீக்கும் எந்திரத்தில், போடுகிறார். அதில் ஒருவரின் நிலத்துக்குப் புள்ளி இல்லையென்றால் மொத்தச் சரக்கும் நிற்கும். கலந்த பின் விகிதம் சொல்லித் தப்ப வழியில்லை. அதனால் வரவுப் பேரேட்டில் தேதி, பெயர், சர்வே எண், உட்பிரிவு, கிலோ ஆகியவற்றை வரிக்கு வரி எழுதிவைக்க வேண்டும். கணக்கும் பொருந்த வேண்டும். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை. அராபிகாவின் நாட்டுச் சராசரி ஏக்கருக்கு 200 கிலோவைத் தாண்டாது. 2 ஏக்கர் புள்ளியின் பெயரில் 3 டன் கொட்டை ஏறினால் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கும் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவைக் காடழிப்பில் குறைந்த அபாய நாடு என்று வகைப்படுத்தியது. இதனால் அங்கே வாங்குபவர் அபாய மதிப்பீடு செய்ய வேண்டியதில்லை. சோதனையும் நூற்றுக்கு 1 நிறுவனத்தில்தான். அதிக அபாய நாட்டுச் சரக்கு என்றால் 9. ஆனால் புள்ளியும், நிலம் சட்டப்படி உங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்ற ஆதாரமும் இதிலும் கேட்கப்படும்.

அந்த ஆதாரத்தில்தான் மலைக் கிராமங்கள் தடுமாறும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். நாலு அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு உழைப்பார்கள். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றமும் உட்பிரிவும் செய்ய மாதக்கணக்கில் ஆகும். புள்ளி எடுக்க ஒரு காலைப்பொழுது போதும். ஆகவே முதலில் தாலுகா அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.