வீட்டிலேயே மருந்து செய்யலாமா? செய்முறையைவிடக் கடினமான பகுதி

[திரையில்: கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பொடி. அருகில் "3.7 கிராம்"]

2016இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிராமர் பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி ஆய்வகத்தில் 3.7 கிராம் பைரிமெத்தமின் தயாரித்தார்கள். டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய்க்குக் கொடுக்கப்படும் பழைய மருந்து அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, ஒரு மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏற்றியிருந்தது. மாணவர்களுக்கு ஆன செலவு மொத்தமே 20 டாலர் அளவில்.

பள்ளிப் பிள்ளைகளால் முடிந்ததை நாம் ஏன் வீட்டில் செய்யக் கூடாது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாணவர்களுக்குப் பின்னால் சிட்னி பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருந்தார்கள். கிடைத்த பொடி பல்கலைக்கழகக் கருவிகளில் சோதிக்கப்பட்டது. அதை யாருக்கும் சாப்பிடக் கொடுக்கவும் இல்லை. மருந்து தயாரிப்பில் வேதிவினையை நடத்தி முடிப்பது சுலபமான பங்கு. கையில் வந்தது என்ன, அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்ன, ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது, இந்த மூன்றையும் உறுதிப்படுத்துவதுதான் கடினம். பெரும்பாலான செய்முறை வீடியோக்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

[திரையில்: "ஒட்டிக்கொண்டு வந்தது என்ன?"]

1982இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று அசைய முடியாமல், பேச முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். முற்றிய பார்க்கின்சன் நோயின் அத்தனை அறிகுறிகளும் இருந்தன. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் காரணத்தைத் தேடிப் போனபோது, அவர்கள் அனைவரும் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு வலி மறக்கடிக்கும் பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. தயாரித்தவர் நினைத்த பொருளோடு, எம்பிடிபி என்ற வேண்டாத துணைப்பொருளும் உருவாகியிருந்தது. மூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்களை அது கொன்றுவிடும். போன செல்கள் திரும்புவதில்லை. கண்ணுக்கு அந்தப் பொடியில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

போதைப்பொருள்காரர்கள் அலட்சியமாகச் செய்தது, நாங்கள் கவனமாகச் செய்வோம் என்று சொல்பவர்கள் 2018இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்து பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதன் மூலப்பொருளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. விளைச்சலைக் கூட்டுவதற்காக 2012இல் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தார்கள். புதிய முறையில் பயன்படுத்திய கரைப்பானில் கொஞ்சம் டைமெத்திலமின் இருந்தது. மிஞ்சிய அஸைடு என்ற வினைப்பொருளை அழிக்கப் போட்ட நைட்ரைட் அதோடு சேர்ந்து என்டிஎம்ஏ உருவானது. அவ்வளவுதான். தணிக்கை நடக்கும் தொழிற்சாலை, விலையுயர்ந்த கருவிகள், படித்த ஆட்கள் எல்லாம் இருந்தும் பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று வரும் என்று யாரும் தேடவில்லை.

அளவைப் பாருங்கள். என்டிஎம்ஏவுக்கு ஒழுங்குமுறை அமைப்புகள் வைத்த நாள் வரம்பு 96 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). 320 மில்லிகிராம் மருந்தை ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்டால், ஒரு கிலோ மூலப்பொருளில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது.

வீட்டில் செய்பவர்கள் பெரிதும் நம்புவது உருகுநிலைச் சோதனையை. தூய பொருள் ஒன்றிரண்டு டிகிரிக்குள் சட்டென்று உருகும். மாசு இருந்தால் சீக்கிரமே உருகத் தொடங்கி, இழுத்துக்கொண்டு போகும். நல்ல சோதனைதான், சில சதவீத மாசைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் இருந்தால் உருகுநிலையில் ஒரு அசைவும் தெரியாது. நிறம் மாறும் சோதனைக் கரைசல்கள் இன்னும் மோசம். "இந்த வகைப் பொருள் இருக்கிறது" என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்வதில்லை.

[திரையில்: 0.01 கிராம் காட்டும் சிறு தராசு]

அடுத்தது அளவு. தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்ஸின் மாத்திரை ஒன்றில் இருப்பது 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம், என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிறு தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 0.01 கிராம், அதாவது 10 மில்லிகிராம். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, அது 100 மாத்திரைகளுக்குச் சமம்.

நல்ல தராசு வாங்கினாலும் கலக்கும் வேலை பாக்கி இருக்கிறது. மிகச் சிறிய அளவு மருந்தை ஒரு கிண்ணம் மாவுப்பொருளில் கொட்டிக் கிளறினால், ஒரு கேப்சூலில் எதுவும் இருக்காது, அடுத்ததில் மூன்று வேளை மருந்து இருக்கும். மருந்தாளுநர்கள் முதலில் மருந்தின் கன அளவுக்குச் சமமான நிரப்பியை மட்டும் சேர்த்து அரைப்பார்கள். பிறகு அந்தக் கலவைக்குச் சமமாக இன்னொரு பங்கு, அதற்குச் சமமாக மறுபடியும், என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். அதன் பிறகும் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள்.

சேர்மானங்களிலும் ஆபத்து உண்டு. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, பழச்சுவை சேர்த்து, திரவமாக விற்றார்கள். 100க்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பலர் குழந்தைகள். அதே டைஎத்திலீன் கிளைக்கால், சிரப்புக்கு அடிப்படையாகச் சேர்க்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றில் கலந்து இந்த நூற்றாண்டிலும் குழந்தைகளின் இருமல் மருந்துகளுக்குள் புகுந்திருக்கிறது. மூன்றும் நிறமற்றவை, இனிப்பானவை, கெட்டியானவை. புட்டியில் ஒட்டிய சீட்டை நம்பி வாங்கிய கிளிசரினில் சிரப் செய்யாதீர்கள்.

[திரையில்: ஊசிக் குப்பி, "கொதிக்க வைத்தால் போதாது"]

வாயால் சாப்பிடுவதற்கும் ஊசியில் ஏற்றுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. குடலும் கல்லீரலும் தடுத்து நிறுத்தும் பலவற்றை ஊசி நேராக உள்ளே விட்டுவிடும். 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்தால் கிருமி சாகும். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும். ஆனால் செத்த பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் இரண்டையும் தாண்டிவிடும். ரத்தத்தில் அது கலந்தால் குளிர்காய்ச்சல், கூடினால் ரத்த அழுத்தம் சரிந்து மரணம். கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். மருந்துக் கரைசலையே அப்படிச் சூடாக்க முடியாது.

2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு கலவை மருந்தகம் (மருந்துகளைத் தானே கலந்து தயாரித்துத் தரும் மருந்தகம்) தயாரித்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை இருந்தது. 750க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது வீட்டுச் சமையலறை அல்ல, உரிமம் பெற்ற இடம். எனவே எங்கள் நிலைப்பாடு நேரடியானது: ஊசி, கண் சொட்டு, காயத்துக்குள் ஊற்றும் திரவம், இவற்றை வீட்டில் தயாரிக்கவே கூடாது. உப்பு மாத்திரையைக் கரைத்து கான்டாக்ட் லென்ஸ் கழுவியவர்களின் கண்ணை அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரி தாக்கியது 1980களிலேயே பதிவான விஷயம்.

[திரையில்: ஒரு லிட்டர் தண்ணீர், தேக்கரண்டி]

அப்படியானால் எதுவுமே கூடாதா? ஒன்று உண்டு, அதுவும் உலகிலேயே மிக அதிக உயிர்களைக் காத்த மருந்துகளில் ஒன்று. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்த பொட்டலங்களைத் தயார் செய்ய வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பொருட்கள் தெரிந்தவை, வாயால் குடிப்பது, சிறு பிழையை உடல் தாங்கும், கொடுக்காவிட்டால் சாவு. நான்கும் சேர்ந்திருந்ததால்தான் அது சரியான முடிவு.

வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி 5 மில்லி அளவுடையதாக இருக்கட்டும், மேலே கத்தியால் வழித்துச் சமப்படுத்துங்கள். தவறு பெரும்பாலும் உப்பில்தான் நடக்கிறது: குவித்துப் போட்டால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். கலக்கியதைச் சுவைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். சர்க்கரையைக் கூட்டினாலும் குடல் தண்ணீரை இழுத்துப் போக்கு அதிகமாகும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இதில் பொட்டாசியம் இல்லை, எனவே பொட்டலம் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள். கைக்குழந்தைக்கும், ரத்தம் கலந்து போனாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

[திரையில்: "யார் உடம்பில்?"]

இனி நியாயம் பற்றி. வயதுவந்த ஒருவர், அபாயம் தெரிந்து, தன் உடம்பில் தானே ஒரு மருந்தைச் சோதிக்கிறார் என்றால், அது தவறான முடிவு என்று நாங்கள் வாதிடுவோம். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க மாட்டோம். அதே பொடியைத் தன் குழந்தைக்கோ, அண்டை வீட்டு நோயாளிக்கோ கொடுக்கும் நிமிடத்தில் நிலைமை மாறுகிறது. சம்மதிக்க முடியாதவர், அல்லது என்ன என்று தெரியாமல் நம்பிச் சம்மதித்தவர், அபாயத்தைச் சுமக்கிறார். ஆன்டிபயாட்டிக் என்றால் ஊரே சுமக்கிறது, அரைகுறை வீரியத்தில் கிருமி பழகிக்கொள்வதால். சோதனை முறையைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் வெளியிடுபவர்களுக்கும் இந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

மறுபக்கத்தையும் விட்டுவிட முடியாது. 2013இல் ஹெபடைடிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். நோயாளியை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு அவருக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துவது அநியாயம். ஆனால் அதற்கு வீட்டு ஆய்வகத்தைவிட வலுவான வழிகள் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் 2001 தோஹா பிரகடனம், பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்க அரசுகளுக்கு உள்ள உரிமையை உறுதி செய்தது. 2012இல் இந்தியா சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு அப்படி உரிமம் கொடுத்தபோது விலை சுமார் 97 சதவீதம் குறைந்தது. தனி மனிதருக்கு உடனே பயன்படும் கேள்விகள் வேறு. மருத்துவரிடம்: இதே மூலக்கூறின் ஜெனரிக் உண்டா, இதே வேலையைச் செய்யும் பழைய மருந்து உண்டா, பெரிய மாத்திரையை எழுதினால் பாதியாக உடைக்கலாமா? (எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று முடியும் பெயருள்ள மாத்திரைகளை உடைக்கக் கூடாது. நாள் முழுவதும் கசிய வேண்டியது ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும்.)

[திரையில்: காலிப் புட்டி, குறிப்புத் தாள்]

ஏற்கெனவே வீட்டுத் தயாரிப்பு ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். புட்டி, பொடி, மூலப்பொருள் வந்த உறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு, எத்தனை வேளை என்று எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது, குளிர்காய்ச்சல், கை கால் விறைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வலிப்புக்கோ, இதயத்துக்கோ, ஸ்டீராய்டாகவோ எடுத்துக்கொண்டிருந்தால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் முறையான மருந்துக்கு எப்படி மாறுவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். திட்டு விழும் என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள். எந்தச் சோதனையை எழுதுவது என்று அவர் முடிவு செய்வது நீங்கள் சொல்லும் பொருளின் பெயரை வைத்துத்தான்.