மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். வண்டி வந்த நேரம், மூட்டை எத்தனை, விரலி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு, எடை, கூலி என்று பகல் முழுவதும் எழுதிய கை இது. இரவு வீட்டுக்கு வந்ததும் அதே கை இன்னொரு நோட்டிலும் எழுதிவந்தது. படித்த புத்தகங்களும் பார்த்த படங்களும் அந்த நோட்டில் இருக்கின்றன. 1986இல் தொடங்கினேன். இப்போது ஓடிக்கொண்டிருப்பது பதினொன்றாவது நோட்டு.

நம் கொங்குச் சீமையில் கணக்கு எழுதாத வீடு உண்டா? பால் கணக்கு சுவரில் கரிக்கோடாகவாவது இருக்கும். மொய் நோட்டை நகையோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். முப்பது வருடத்துக்கு முன் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் வைத்த 21 ரூபாய், ஊர்ப் பெயரோடு அதில் இருக்கும். அவர் வீட்டில் விசேஷம் என்று பத்திரிகை வந்தால், நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் புறப்படுவோம். நமக்குச் செய்தவரை மறந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அப்படியானால், ஒரு புத்தகம் நமக்குச் செய்ததை மட்டும் ஏன் எழுதாமல் விடுகிறோம்?

கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905இல் திருச்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. கருவி வாங்கிய வருடம் நமக்குத் தெரியும், தியேட்டர் கட்டிய வருடமும் தெரியும். ஆனால் முதன்முதலாக அசையும் உருவத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் வீட்டுக்கு நடந்த நம் பாட்டன், திண்ணையில் உட்கார்ந்து என்ன சொன்னார்? அந்த ஒரு வரி நம் வீடுகளில் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

அதனால்தான் எழுதச் சொல்கிறேன். பெயரை மட்டும் எழுதினால் போதாது. பெயர் எந்த நூலகப் பட்டியலிலும் கிடைக்கும். எங்கே படித்தீர்கள், யார் கொடுத்தார்கள், கொட்டகையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அன்று மழையா வெயிலா என்பது உங்களைத் தவிர வேறு யாரிடமும் கிடையாது. அதோடு கண்ணில் தங்கிய ஒரே ஒரு விஷயம். அதை அன்றிரவே எழுதிவிட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததையும் எழுதினார், ஊரில் காதில் விழுந்ததையும் எழுதினார். சூட்டோடு எழுதியதால்தான் அதில் இன்னும் உயிர் இருக்கிறது.

மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1994இல் ஒரு நாவலைப் பாதியில் மூடிவிட்டு, ‘வரப்பு, வழக்கு, வரப்பு, வழக்கு. சலிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பத்துக்கு இரண்டு என்று போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். 2011இல் எங்கள் தோட்டம் பாகம் பிரிந்தது. அண்ணனும் நானும் ஒரே கிணற்றுக்கு ஆளுக்கு மூன்று நாள் முறைத்தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வாரம், அந்தச் சலிப்பு என்ற சொல் நினைவுக்கு வந்தது. நூலகத்தில் தேடி எடுத்து இரண்டு இரவில் முடித்தேன். ‘எழுதியவருக்கு வரப்பு தெரியும்’ என்று எழுதினேன். பாதியில் விட்ட புத்தகத்தையும் எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வருடத்துக்கு நூறு புத்தகம் என்று இலக்கு வைத்து ஓடுவதும் வேண்டாம். மூட்டையை எண்ணலாம், படிப்பை எண்ணி என்ன செய்வது?

டிக்கெட்டைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அது போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். பழைய மெல்லிய கலர்த்தாள் டிக்கெட் என்றால் இன்னும் படிக்கலாம். இப்போது தருவதில் பெரும்பாலும் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாள் அது. வெயிலோ எண்ணெயோ பட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால்கூட, எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். கைபேசியில் படம் பார்க்கிறவர்களுக்கு அதுவே பட்டியல் வைத்திருக்கும். ஆனால் நீங்கள் எதைத் திறந்தீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும், எந்த இடத்தில் அழுதீர்கள் என்பது தெரியாது. நோட்டா கைபேசியா என்பது அவரவர் வசதி.

இன்னொன்று, பற்று எழுத மறக்காதீர்கள், அதாவது எந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை. 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கியதை யாருக்கோ கொடுத்துவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் தவித்திருக்கிறேன். இப்போது கடைசிப் பக்கத்தில் பெயர், தேதி எழுதிக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் ஒரு கோடு.

ஒரு பதிவை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. 1988, தை மாதம். ‘கோபி பக்கம் டூரிங் கொட்டகை. இரண்டாம் ஆட்டம். அமுச்சி, சின்ன மாமன், நான். மணல் சில்லென்று இருந்தது. அமுச்சி போர்வையின் பாதியை எனக்குக் கொடுத்தார். கதாநாயகி அழும்போது எல்லோரும் அழுதார்கள். அந்த அடுப்பில் தீயே இல்லை, சோறு எப்படிப் பொங்கும் என்றார் அமுச்சி.’

படத்தின் கதை எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. பல வருடம் கழித்து ஒரு மத்தியானம் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தேன். கதாநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தேன். மண் அடுப்பு. மேலே பானை. பானையிலிருந்து ஆவி வருகிறது. அடுப்புக்குள் விறகு அடுக்கியபடியே இருக்கிறது, ஒரு பொறிகூட இல்லை.

அமுச்சி போய் அப்போது 16 வருடம் ஆகியிருந்தது. பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மண்டியில் எடை ஒத்துப்போனால் போடுவதுபோல அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ‘சரி’ என்று எழுதி, தேதி போட்டேன்.

வணக்கம்.