பட்டணமே கெட்டுப்போனால்?

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலிக்கும் மோருக்கும் ஏற்பாடு செய்த வாசகர் வட்டத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகர் அம்மாவை மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், இந்தக் கூட்டம் நடப்பதே அவரால்தான்.

'கெட்டும் பட்டணம் சேர்' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். சரி, பட்டணமே கெட்டுப்போனால் எங்கே போய்ச் சேர்வது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிராடாக் என்று ஓர் ஊர். 1875இல் ஆண்ட்ரூ கார்னெகியின் எஃகு ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. 20,000 பேர் வாழ்ந்த ஊரில் 2010 கணக்கெடுப்பின்போது மிஞ்சியவர்கள் சுமார் 2,000 பேர். அந்த ஊரில் 1982இல் பிறந்த புகைப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃபிரேசியர். அவரைப் பற்றிக் குடும்பம், ஆலை, மருத்துவமனை என்று மூன்று தலைப்பில் பேசலாமென்று வந்தேன்.

முதலில் குடும்பம். பாட்டி, அம்மா, தான் என மூன்று தலைமுறைப் பெண்களைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சில படங்களை அம்மாவே எடுத்திருக்கிறார், எதிரே நிற்பது மகள். ஒரு படத்தில் பரிசோதனைக்காக உடம்பில் வயர் மாட்டிய அம்மாவின் முதுகு. அதன் பக்கத்திலேயே இடிபட்ட மருத்துவமனை, அதிலும் வயர்கள் தொங்குகின்றன. 2010இல் அந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள்.

அதே 2010இல் நடந்ததைக் கேளுங்கள். லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி தன் விளம்பரத்தைப் பிராடாக்கில் எடுக்கிறது! உழைப்பு, புதிய தொடக்கம் என்று என்னென்னவோ வசனம். ஆஸ்பத்திரி போன ஊருக்குக் கால்சட்டை வந்தது! ஃபிரேசியர் என்ன செய்தார்? கோர்ட்டுக்குப் போனாரா? இல்லை. அதே கம்பெனி ஜீன்ஸை மாட்டிக்கொண்டு நியூயார்க் போனார். அங்கே அந்தக் கம்பெனி நடத்திய புகைப்படக்கூடத்தின் முன்னால், நடைபாதையில் படுத்தார். தரையோடு தரையாகத் தேய்த்தார், தேய்த்தார், துணி கிழிகிறவரை தேய்த்தார். கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான்.

2014இல் அந்தக் குடும்பப் படங்கள் புத்தகமாயின, 2015இல் படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய உதவித்தொகையான மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. கெட்டும் பட்டணம் சேர் என்று எங்கேயோ போயிருக்கலாம். படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போனவர்தான், ஆனால் கேமராவோடு திரும்பத் திரும்ப அங்கேயே வந்தார்.

இன்னொன்று. ஆலை முதலாளி கார்னெகி தன் பணத்தில் ஊர் ஊராக நூலகம் கட்டிக்கொடுத்தவர். அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் 1889இல் திறந்தது அதே பிராடாக்கில்தான். நூலகம் என்றதும் என் பழைய கோரிக்கை ஞாபகம் வருகிறது, நகர்மன்ற உறுப்பினர் சிரிக்கிறார். நம் ஊர் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, நெகட்டிவ் பெட்டிகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. நமக்கு வேண்டியது இந்த நூலகத்தில் ஓர் அலமாரி, ஒரு ஸ்கேனர், ஊர்ப் படங்களுக்கென்று ஒரு பதிவேடு. கல்யாணப் படம், ரேஷன் கடை வரிசை, பள்ளி ஆண்டுவிழா, எதுவானாலும் கொண்டுவாருங்கள். பின்பக்கம் பேரும் தெருவும் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பிரதி எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே தந்துவிடுவோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆலையைப் பற்றிப் பேசவே இல்லை, அது அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். படங்களை நூலகர் அம்மாவிடம் கொடுங்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள். வணக்கம்.